நிதிக்குழுவில் மூன்று வருடம், நடுவில் ஒரு தென்னந்தோப்பு

2019-இல் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தைப் பங்கு என்போம்) கோயில் வரவு செலவைப் பார்க்கப் புது நிதிக்குழு போட்டபோது பங்குத்தந்தை வீட்டுக்கே வந்தார். "ஒரு பெண்ணாவது இருக்கணும்னு பிஷப் ஹவுஸ்ல சொல்லியிருக்காங்கம்மா. நீங்க ட்ரெஷரியில இருந்தவங்க, கணக்கு தெரிஞ்சவங்க. ஒரு கையெழுத்துதான், பெரிய வேலை ஒண்ணும் இருக்காது" என்றார். நான் சார்நிலைக் கருவூலத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவள். வவுச்சர் இல்லாத பில்லை எத்தனையோ அதிகாரிகளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு கையெழுத்துதான் என்று யாராவது சொன்னாலே எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஆனாலும் கோயில் வேலை, மறுக்க மனசு வரவில்லை.

அதுவரை திருச்சபைச் சட்டம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதும், இந்துப் பையனைக் கட்டுவதாக இருந்தால் ஆயரிடம் (பிஷப்பிடம்) அனுமதி வாங்குவதும்தான். மீதி எல்லாம் சாமியார்கள் படிக்கிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் இன்னும் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நான்கு கூட்டம். சுண்டல், டீ, ஜெபம், கணக்கு. கணக்கு ஏற்கெனவே டைப் செய்யப்பட்டிருக்கும், கடைசிப் பக்கத்தில் ஆறு பேர் பெயரும் அச்சாகியிருக்கும், பெயருக்கு மேலே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முதல் கூட்டத்தில் போட்டுவிட்டேன். இரண்டாவது கூட்டத்தில் வவுச்சர் ஃபைல் கேட்டேன். பக்கத்தில் இருந்த ரைஸ்மில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது, ஏதோ நற்கருணை நேரத்தில் எழுந்து நின்று பேசியது மாதிரி.

மூன்றாவது கூட்டத்தில் சொத்துப் பட்டியல் கேட்டேன். அதற்கு வந்தது 1987-இல் எழுதிய ஒரு நோட்டு. கதிர்பாத்திரம் 1, திருக்கிண்ணம் 4, சுரூபங்கள் 9, பெஞ்சு 62, மணி 2. அவ்வளவுதான். நிலம் என்று ஒரு வரி கிடையாது. கோயிலுக்குக் கிழக்கே ரோட்டோரம் 42 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது, அது கோயில் தோப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது எப்படி வந்தது, எதற்காக வந்தது, பத்திரம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தேங்காய்க் குத்தகைப் பணம் வருடா வருடம் பொதுக் கணக்கில் "இதர வரவு" என்று விழுந்துகொண்டிருந்தது. ட்ரெஷரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, "இதர" என்று எங்கே பார்த்தாலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுவோம்.

எங்கள் மறைவட்டத்தில், அதாவது பக்கத்துப் பங்குகள் சேர்ந்த வட்டாரத்தில், ஒரு குருக்கள் ஓய்வு இல்லம் இருக்கிறது. அங்கே எண்பது வயதைத் தாண்டிய ஒரு சாமியார், ரோமில் திருச்சபைச் சட்டம் படித்தவர், ஆயரின் ஆளுகையிலுள்ள மறைமாவட்டத்தின் திருமண நீதிமன்றத்தில் பல வருடம் நீதிபதியாக இருந்தவர். என் அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தது அவர்தான், அந்தப் பழக்கத்தில் போய்க் கேட்டேன். "ஏம்மா, ட்ரெஷரி கோடு படிச்சவளுக்கு இது என்ன பெரிய விஷயம்? மொத்தம் 1752 சட்டம், உனக்கு வேண்டியது 57 தான். 1254-லேருந்து 1310 வரைக்கும். மதியம் சாப்பிட்டுட்டுத் தூங்காம உக்காந்தா முடிஞ்சிரும்" என்று தன் புத்தகத்தைக் கொடுத்தார்.

உண்மையிலேயே ஒரு மதியம்தான் ஆனது. இரண்டாம் ஜான் பால் 1983 ஜனவரியில் வெளியிட்டு அந்த நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்பு அது. நம்மைப் போன்ற இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கு அதுதான். சீரோ மலபார், சீரோ மலங்கரா போன்ற கீழைத் திருச்சபைகளுக்கு 1990-இல் தனியாக ஒரு தொகுப்பு வந்தது. கேரளத்தில் சம்பந்தம் வைத்திருப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஆங்கிலத்தில் முழுதும் வத்திக்கான் இணையதளத்திலேயே கிடைக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான், இத்தனை வருடம் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று. எங்கள் பங்கில் பங்குப் பேரவைக்குத்தான் மரியாதை அதிகம், மேடையில் நாற்காலி, திருவிழா நோட்டீஸில் பெயர் எல்லாம் அவர்களுக்குத்தான். சட்டத்தில் பார்த்தால் பேரவை வேண்டுமா என்பது ஆயர் பார்த்து முடிவு செய்கிற விஷயம், எண் 536. நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும், எண் 537. நிர்வாகிகள் பொறுப்பேற்பதற்கு முன் அசையும் சொத்து, அசையாச் சொத்து எல்லாவற்றுக்கும் துல்லியமாகப் பட்டியல் போட வேண்டும், ஏற்கெனவே பட்டியல் இருந்தால் சரிபார்க்க வேண்டும், ஒரு பிரதி பங்கில், இன்னொரு பிரதி ஆயரகத்தில் என்று எண் 1283 சொல்கிறது. சார்ஜ் எடுக்கும்போது ஸ்டாக் பார்ப்பது மாதிரிதான், எனக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை. எண் 1287, வருடா வருடம் ஆயருக்குக் கணக்கு கொடுக்க வேண்டும், மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமும் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. எண் 1286 கோயில் ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டத்தை அனுசரித்து நியாயமான, குடும்பம் பிழைக்கிற அளவுக்கான கூலி கொடுக்கச் சொல்கிறது. எங்கள் கோயில்பிள்ளைக்கு அப்போது மாதம் 4,500 ரூபாய். நான் நிதிக்குழுவில் இருந்து சண்டையே போடாமல் ஜெயித்த ஒரே விஷயம் அதுதான், அந்த எண்ணை வாசித்துக் காட்டியதும் யாருக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை, 9,000 ஆனது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிதிக்குழு உதவி செய்கிற குழுதான். எண் 532-இன்படி சட்ட காரியங்களில் பங்கின் பேரால் நிற்பவர் பங்குத்தந்தை ஒருவரே. குழுவில் ஐந்துக்கு ஒன்று என்று ஓட்டு விழுந்தாலும் அவர் கையைக் கட்டிப்போட முடியாது. இதைத் தெரியாமல் போய் "நாங்க மெஜாரிட்டி" என்று பேசினால் அசிங்கப்பட வேண்டியதுதான். என் தோழி ஒருத்தி சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்கிற சீர்திருத்த சபைக்காரி. அங்கே சேகரக் கமிட்டித் தேர்தல், திருமண்டலப் பெருமன்றத் தேர்தல், சினாடு என்று மேலிருந்து கீழ்வரை ஓட்டுதான், 1947-இல் சபைகள் ஒன்றாகச் சேர்ந்ததிலிருந்து எழுத்தில் அரசியலமைப்பு இருக்கிறது. அவளிடம் பொறாமையாகச் சொன்னேன். "போடி, எங்க எலெக்ஷன் கேஸ் நடக்காத கோர்ட்டு இருக்கா?" என்றாள். அதுவும் சரிதான்.

தோப்புக்கு வருகிறேன். பத்திரத்தைத் தேட நான் நேராக சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போனேன், கோயில் பீரோவைத் துழாவிக்கொண்டு உட்காரவில்லை. இதை எல்லோருக்கும் சொல்வேன்: பதிவான பத்திரம் பங்கில் காணாமல் போகலாம், பதிவு அலுவலகத்தில் அதன் நகல் இருக்கும். சமீப வருடங்களுக்கு வில்லங்கச் சான்று வீட்டிலிருந்தே பார்க்கலாம், பழைய வருடங்களுக்கு மனு போட்டு, கட்டணம் கட்டி, மூன்று நடை நடந்தேன். சர்வே எண் தெரிந்திருந்ததால் வேலை நடந்தது. கிடைத்தது 1961-ஆம் வருடத்துத் தான செட்டில்மெண்ட் பத்திரம். பிள்ளை இல்லாத ஒரு விதவை, உள்ளூர்க்காரர், தோப்பை மறைமாவட்ட ஆயர் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறார். எதற்கு? அதன் வருமானத்தில் இந்தப் பங்கிலுள்ள ஏழைப் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க. இரண்டு முறை எழுதியிருந்தது, வேறு எந்தச் செலவுக்கும் எடுக்கக்கூடாது என்று வேறு.

அந்தம்மா ஏன் உயிலாக எழுதாமல் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தார் என்பதற்கு ஓய்வு இல்லத்துப் பெரியவர் ஒரு காரணம் சொன்னார், எனக்கு அது புதுசு. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அண்ணன் தம்பி பிள்ளை அளவுக்கு நெருங்கிய சொந்தம் உள்ள கிறிஸ்தவர் கோயிலுக்கோ தர்மத்துக்கோ உயில் எழுதினால், சாவதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதி 6 மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. ஜான் வள்ளமட்டம் என்ற கேரளத்துக் குருவானவர் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. 1961-இல் விவரம் தெரிந்த எந்த வக்கீலும் உயில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாமல் கைரேகை வைத்த ஒரு பெண் அவ்வளவு யோசனையோடு செய்த காரியம், அறுபது வருடத்தில் "இதர வரவு" ஆகிவிட்டது.

எண் 1267, எண் 1300. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம் என்பது முதலாவது. பக்தி காரியத்துக்கு எழுதி வைத்து, அதைத் திருச்சபையும் ஏற்றுக்கொண்டால், எப்படி நிர்வகிக்கச் சொன்னார்களோ அப்படியே சிரத்தையாக நிறைவேற்ற வேண்டும் என்பது இரண்டாவது. தேர் செய்யப் பிரித்த பணத்தில் மைக் செட் வாங்குவது எங்கள் ஊரில் சர்வ சாதாரணம், கேட்டால் "எல்லாம் கோயிலுக்குத்தானே" என்பார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீதில் எதற்காக என்று எழுதி வாங்குகிறேன். எழுதாத நோக்கத்தை அப்புறம் நிரூபிப்பது கஷ்டம்.

2022 பிப்ரவரியில் தோப்புக்கு ஆள் வந்தது. வெளியூர் ஜவுளிக்கடை முதலாளி, 29 வருடக் குத்தகை, அவரே கட்டடம் கட்டிக்கொள்வார், அட்வான்ஸ் 20 லட்சம், மாதம் 40,000 வாடகை. கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, அட்வான்ஸில் கூரையைப் போட்டுவிடலாம் என்பது பங்குத்தந்தையின் கணக்கு. கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவே மாட்டேன். மழைக்காலத்தில் பீடத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டிப் பூசை வைத்தவர் அவர். ஆனால் நான் பத்திர நகலை எடுத்துப் போட்டதும் முகம் மாறிவிட்டது. "அம்மா, கோயில் காரியத்துல ட்ரெஷரி ரூல்ஸ் பேசாதீங்க" என்றார். "இது ட்ரெஷரி ரூல் இல்ல ஃபாதர், உங்க ரூல்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது சரிதான், சொன்ன இடம் தப்பு, அத்தனை பேர் முன்னால்.

அதைவிடப் பெரிய தப்பு அன்று இரவு செய்தேன். பத்திரத்தைப் போட்டோ எடுத்து அன்பியம் (தெருவாரியாகக் கூடும் ஜெபக்குழு) வாட்ஸாப் குழுவில் போட்டேன். காலையில் ஊர் இரண்டாகிவிட்டது. தோப்பை விற்றுவிட்டார்கள் என்று ஒரு பக்கம், கூரை போடவிடாமல் தடுக்கிறாள் என்று ஒரு பக்கம், கடைசியில் பழைய தெருச் சண்டை, பழைய ஜாதிக் கணக்கு எல்லாம் உள்ளே வந்துவிட்டது. யாரும் பத்திரத்தைப் படிக்கவில்லை, என் பெயரைத்தான் படித்தார்கள்.

பெரியவர் திட்டினார். "ஊரைக் கூட்டுறதுக்கு முன்னால ஒரு காகிதம் எழுதத் தெரியாதா உனக்கு? எண் 212-ல என்ன இருக்கு? நினைச்சதை மேய்ப்பர்கிட்ட சொல்ல உனக்கு உரிமை இருக்கு, சில நேரம் கடமையே இருக்கு, ஆனா மரியாதையோட சொல்லணும்னும் அங்கயே எழுதியிருக்கு" என்றார். பிறகு உட்கார வைத்து விளக்கினார். குத்தகை வேறு, விற்பனை வேறு. சொத்தை விற்பதென்றால் எண் 1291 முதல் வரும்: நாட்டின் ஆயர்கள் சேர்ந்த ஆயர் பேரவை நிர்ணயித்த தொகைக்கு மேலே போனால் மேலிடத்து அனுமதி, இன்னும் பெரிய தொகை என்றால் ரோம் வரைக்கும் போக வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், விவரம் தெரிந்தவர்களின் எழுத்து மூலமான மதிப்பீடு வேண்டும். குத்தகைக்குத் தனி விதிகள், எண் 1297, அதையும் ஆயர் பேரவைதான் வகுக்கும். ஆனால் 1295 என்று ஒன்று இருக்கிறது, சொத்தின் நிலைமையை மோசமாக்கக்கூடிய எந்த ஒப்பந்தத்துக்கும் விற்பனைக்கு உள்ள கட்டுப்பாடுகள் பொருந்தும். "29 வருஷம், அவன் கட்டடம், அவன் பேர்ல கரண்ட் கனெக்ஷன். பத்திரத்துலதான் குத்தகை, நடப்புல வித்த மாதிரிதான்" என்றார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். முதல் வரைவு ஏழு பக்கம் இருந்தது, பங்குத்தந்தையின் குணநலன்கள் எல்லாம் அதில் இருந்தன, பெரியவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: சொத்து விவரம், பத்திர எண், தேதி, எழுதியவர் சொன்ன நோக்கம், இப்போது என்ன திட்டம், எந்த எண்கள் பொருந்துகின்றன, நாங்கள் கேட்பது என்ன. கேட்டது மூன்று. குத்தகைக் காலத்தைக் குறைக்க வேண்டும், வருமானத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், அட்வான்ஸைத் தொடக் கூடாது. பத்திர நகலை இணைத்து, எட்டுப் பேர் கையெழுத்தோடு, ஒப்புதல் அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பங்குத்தந்தைக்கு ஒரு நகலை நானே கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்று. எங்கள் ஊரில் பாதிப் பேர், பட்டா ஆயர் பெயரில் இருக்கிறது, அவர் சொத்து, அவர் இஷ்டம் என்றே நம்புகிறார்கள். எண் 515-இன்படி முறையாக ஏற்படுத்தப்பட்ட பங்குக்குச் சட்டப்படித் தனி ஆள்தன்மை உண்டு, எண் 1256-இன்படி சொத்து அதை நியாயமாகப் பெற்றவருக்கே சொந்தம். எங்கள் பத்திரமே இந்தப் பங்குப் பிள்ளைகளுக்கு என்று சொல்கிறது. பட்டாவில் உள்ள பெயர் அரசாங்கத்துக்காக. எண் 1301, இப்படி எழுதி வைத்தவற்றை நிறைவேற்றும் பொறுப்பாளர் ஆயர் என்று சொல்கிறது. பொறுப்பு என்றால் உரிமை என்று அர்த்தம் இல்லை.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் மறைமாவட்டப் பொருளாளர் காரில் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஜூலையில் ஒரு ஞாயிறு பூசை முடிவில் ஆயரின் கடிதம் வாசிக்கப்பட்டது. குத்தகை 9 வருடம், அதற்கு மேல் ஆயர் அனுமதியோடு புதுப்பிக்கலாம். வாடகை தனிக் கணக்கில், பெண்பிள்ளைகள் படிப்புக்கு மட்டும், வருடா வருடம் கோயிலில் கணக்கு வாசிக்க வேண்டும். அட்வான்ஸ் 20 லட்சம் கூரைக்கு.

முதல் இரண்டுக்கும் கை தட்ட வேண்டும் போல இருந்தது. மூன்றாவது என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அட்வான்ஸ் என்பது வரவே இல்லை, கடன். 9 வருடம் கழித்து அவர் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கிருந்து கொடுப்பார்கள்? பிள்ளைகளின் வாடகைக் கணக்கிலிருந்துதான். மேலும், எழுதி வைத்தவரின் விருப்பத்தை ஆயர் மாற்றுவதற்கே எண் 1310-இல் அளவு உண்டு: நியாயமான, அவசியமான காரணம் இருக்க வேண்டும், அப்போதும் சம்பந்தப்பட்டவர்களையும் தன் நிதிக்குழுவையும் கேட்க வேண்டும். அந்தம்மாவின் தம்பி பேரன் தூத்துக்குடியில் இருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் அது எங்கள் திருவிழா நேரம், கொடியேற்றம், நவநாள், சப்பரம் என்று ஊரே அலைந்துகொண்டிருந்தது. திருவிழா முடியட்டும் என்று விட்டுவிட்டு பதினேழாவது நாள் பெரியவரிடம் போனோம். தலையில் கை வைத்துக்கொண்டார். எண் 1734: ஆணை தெரியவந்த 10 நாளுக்குள், அந்த ஆணையைப் போட்டவரிடமே, மாற்றுங்கள் அல்லது திரும்பப் பெறுங்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். செயல்பட முடியாமல் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் திருவிழா பிசி என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அவர் 30 நாளுக்குள் மாற்றாவிட்டால்தான் அடுத்த 15 நாளுக்குள் மேலே போக முடியும், எங்கள் விஷயத்தில் மேலே என்றால் ரோமிலுள்ள குருக்களுக்கான துறை. முதல் படியைத் தவறவிட்டால் ஏணியே இல்லை. ட்ரெஷரியில் மார்ச் 31 மாலை எத்தனை பேரை நான் "நேரம் ஆயிருச்சு சார்" என்று திருப்பி அனுப்பியிருப்பேன், அந்தப் பாவம்தான் போலிருக்கிறது.

பங்கில் ஒரு இளம் வக்கீல் இருக்கிறார், சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் அக்கா என்றார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, பொது தர்ம சொத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குப் போடலாம். அது உண்மைதான், உள்ளே எல்லாக் கதவும் மூடிவிட்டால் அது இருக்கிறது. நம் நாட்டு நீதிமன்றங்கள் திருச்சபைச் சட்டத்தை நாட்டின் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் அவரே சொன்னார். திருமண விஷயத்தில் அது ரொம்பத் தெளிவு: 1996-இல் மோலி ஜோசப் வழக்கிலும், 2017-இல் கிளாரன்ஸ் பாய்ஸ் வழக்கிலும், திருச்சபை நீதிமன்றம் திருமணம் செல்லாது என்று சொன்னாலும் அரசுச் சட்டத்தின் முன் அது விவாகரத்துக்குச் சமம் இல்லை என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. என் அக்கா மகள் விஷயத்தில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். மறைமாவட்டத் தீர்ப்பு கையில் இருக்கிறது என்று இரண்டாவது கல்யாணத்துக்கு மண்டபம் வரைக்கும் பேசிவிட்டு, அப்புறம்தான் குடும்ப நீதிமன்றத்துக்கு ஓடினோம். இரண்டு தீர்ப்பும் வேண்டும், எது முதலில் என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். சொத்து வழக்கு அப்படி இல்லை, அங்கே கோர்ட் முதலில் பத்திரத்தைத்தான் பார்க்கும் என்பது வக்கீலின் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு பதினைந்து வருடம் ஓடும், அதுவரை வாடகை கோர்ட்டில் டெபாசிட்டாகக் கிடக்கும், இப்போது பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் பேத்தி பிறந்துவிடும் என்றேன். அவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான். அவர் சொன்னது சரியாக இருக்கலாம், 9 வருடம் முடியும்போது தெரியும்.

அந்த வருடம் கடைசியில் நிதிக்குழுவின் காலம் முடிந்து புதுக்குழு போட்டார்கள். என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். நியமிப்பவர் நியமிக்காமல் இருக்கலாம், அதற்கு எந்த எண்ணிலும் தடை இல்லை. ஆறு மாதம் கழித்து பங்குத்தந்தைக்கு மாற்றல் வந்தது. பிரியாவிடை அன்று என்னைப் பார்த்து, "நீங்க இல்லேன்னா 29 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்மா" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதற்குள் வேறு ஒரு விஷயத்துக்கும் அந்தப் புத்தகம் உதவியது, சொல்லாமல் விட மனசில்லை. பக்கத்துப் பங்கில் ஒரு குடும்பத்துக்குக் கோயில் வரி பாக்கி. வரியைக் கட்டினால்தான் மகளின் திருமுழுக்குச் சான்று என்று சொல்லிவிட்டார்கள், கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. எண் 487: ஒருவருடைய சொந்த நிலை பற்றிய, இயல்பிலேயே பொதுவான ஆவணங்களின் உண்மை நகலைப் பெற அவருக்கு உரிமை உண்டு. எண் 848, இல்லாதவர்கள் ஏழ்மை காரணமாகத் திருமுழுக்கு, திருமணம் போன்ற அருளடையாளம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. எண் 1181 அடக்கத்துக்கும் அதையே சொல்கிறது. நான் அந்த அம்மாவிடம் எண்ணை எழுதிக் கொடுத்து, பங்கு அலுவலகத்தில் ஒரு வரி மனுவாகக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து மட்டும் வாங்குங்கள், வாக்குவாதம் வேண்டாம் என்றேன். மறுநாளே சான்று கிடைத்துவிட்டது. வரி பாக்கி இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தனிக் கணக்கு நடக்கிறது. போன கல்வியாண்டில் பதினோரு பிள்ளைகளுக்கு ஃபீஸ் போயிற்று, இரண்டு பேர் நர்சிங். கணக்கு ஜனவரியில் கோயிலில் வாசித்தார்கள். வாசித்தவர் அதே ரைஸ்மில்காரர், இப்போது வவுச்சர் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்.

சொத்துப் பட்டியலை நான் இருந்தபோதே புதிதாக எழுதி முடித்தேன். தோப்பு, கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள 8 சென்ட் எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கிறது. இரண்டாம் பிரதி பிஷப் ஹவுஸுக்குப் போக வேண்டும். புதுக்குழுவில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான், மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து கேட்கிறேன். போன வாரமும் "அடுத்த வாரம் அனுப்பிடுறோம் அக்கா" என்றான்.